தமிழில் எச்டிஎம்எல் மெயில்: அனுப்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செய்திமடல், கட்டண நினைவூட்டல், கல்லூரி அறிவிப்பு, கடைத் தள்ளுபடி என்று தமிழில் மெயில் அனுப்புகிறவர்களுக்கான பக்கம் இது. எச்டிஎம்எல் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். கோடு (நிரல்) எதையும் தொடாமல், அனுப்பும் சேவையின் எடிட்டரில் கட்டங்களை இழுத்துப் போட்டு வேலை செய்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் உதவும்.

பிரவுசரில் அழகாக இருந்தது, மெயிலில் போனதும் ஏன் கலைந்துவிடுகிறது?

பிரவுசர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விதிமுறைப்படி நடக்கின்றன. மெயில் படிக்கும் செயலிகளுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. நீங்கள் அனுப்புவதை ஒவ்வொன்றும் முதலில் சலித்து எடுக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் முழுக்கப் போய்விடும். ஃபார்ம் பல இடங்களில் வேலை செய்யாது. வெளியே இருந்து இணைத்த சிஎஸ்எஸ் ஃபைலை ஜிமெயில் கண்டுகொள்ளாது. சலித்தது போக மிஞ்சியதைத்தான் படிக்கிறவர் பார்க்கிறார்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. வெப்பில் திறக்கும் ஜிமெயில் உங்கள் கடிதத்தைத் தன் பக்கத்துக்குள்ளேயே வைத்துக் காட்டுகிறது. உங்கள் சிஎஸ்எஸ்ஸை அப்படியே விட்டால் அது ஜிமெயிலின் சொந்தப் பட்டன்களின் நிறத்தை மாற்றிவிடலாம். ஸ்கிரிப்டை விட்டால் பெட்டியில் உள்ள மற்றக் கடிதங்களையே படித்துவிடலாம்.

ஆகவே எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று மல்லுக்கட்டுவது வீண். எதை வெட்டி எறிந்தாலும் விஷயம் படிக்கக் கிடைக்கிறதா, பட்டன் அமுங்குகிறதா என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

இந்தக் காலத்திலுமா டேபிள் வைத்துக் கட்ட வேண்டும்?

உங்கள் பட்டியலில் அலுவலகக் கணினியில் மெயில் பார்க்கிறவர்கள் இருந்தால், ஆமாம்.

விண்டோஸில் அவுட்லுக் 2003 வரை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் இயந்திரத்தை வைத்து மெயிலைக் காட்டியது. 2007 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டு வேர்டின் இயந்திரத்தைப் பொருத்தியது. கடிதம் அடிக்கிற மென்பொருள் வலைப்பக்கத்தைக் காட்ட முயன்றால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தது. சிஎஸ்எஸ்ஸின் இன்றைய அடுக்கு முறைகளான ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டும் அதற்குத் தெரியாது. மேக்ஸ்-விட்த் சொன்னால் காதில் விழாது. டிவ்வுக்கும் பத்திக்கும் கொடுத்த பேடிங்கை நம்ப முடியாது. வட்ட முனை கேட்டால் சதுரமாக வரும். அதற்கு நன்றாகத் தெரிந்தது டேபிள்.

இப்போது வரும் புதிய அவுட்லுக் வெப் இயந்திரத்தில் ஓடுகிறது. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை அதில் இல்லை. ஆனால் பழைய அவுட்லுக்கை ‘கிளாசிக்’ என்று பெயரிட்டு, குறைந்தது 2029 வரை ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதுவரை டேபிளுக்கு ஓய்வு கிடையாது.

செய்முறை சிக்கலில்லை. வெளியே முழு அகலத்துக்கு ஒரு டேபிள், அதன் நடுவில் 600 பிக்சலில் இன்னொன்று, அதற்குள் வரிசை வரிசையாக உங்கள் விஷயம். இடைவெளி வேண்டிய இடத்தில் பேடிங்கை டிடி என்கிற கட்டத்துக்கே கொடுங்கள். அங்கே கொடுத்தால் அவுட்லுக்கும் ஏற்றுக்கொள்ளும். அகலத்தை சிஎஸ்எஸ்ஸில் மட்டும் எழுதாமல் டேபிள் டேகின் பண்பாகவும் (ஆட்ரிபியூட்) எழுதுங்கள். அவுட்லுக்குக்கு மட்டும் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அது மட்டும் படிக்கிற நிபந்தனைக் குறிப்பு இருக்கிறது. மற்றச் செயலிகள் அதை வெறும் கமென்ட் என்று தாண்டிப் போய்விடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வடிவமைப்புக்காகப் போட்ட ஒவ்வொரு டேபிளுக்கும் ‘ரோல்’ பண்பில் ‘பிரசன்டேஷன்’ என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், “அட்டவணை, 3 வரிசை, 1 நெடுவரிசை” என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போகும். எச்டிஎம்எல் டேகில் மொழி தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பானுக்குத் தமிழ்க் குரலை எடுக்க வேண்டும் என்று தெரியும்.

அது என்ன கணக்கு, 600 பிக்சல்?

பழைய கணினித் திரைகளில், இடது பக்கப் பட்டியல் போக மெயிலுக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியே வழக்கமாகிவிட்டது. 640 வைத்தாலும் குடி முழுகாது.

சிஎஸ்எஸ்ஸை எங்கே எழுத வேண்டும்?

முக்கியமானதை எல்லாம் அந்தந்த டேகிலேயே, இன்லைனாக. எழுத்தளவு, நிறம், பேடிங், பின்னணி எல்லாம் இதில் அடக்கம். போன் திரைக்கான மீடியா குவெரியை (திரையின் அகலத்தைப் பார்த்து மாறும் சிஎஸ்எஸ்) மட்டும் தலைப்பகுதியில் ஸ்டைல் டேகுக்குள் வையுங்கள்.

2016 செப்டம்பரில்தான் ஜிமெயில் ஸ்டைல் டேகையும் மீடியா குவெரியையும் ஏற்கத் தொடங்கியது. இப்போதும் அது கொஞ்சம் முரடுதான். ஸ்டைலுக்குள் தனக்குப் புரியாத எழுத்துப்பிழை ஏதாவது இருந்தால் அந்த வரியை மட்டும் விடாது, மொத்தத் தொகுதியையே தூக்கி எறிந்துவிடும். அப்புறம், ஜிமெயில் செயலியில் வேறு நிறுவனத்தின் மெயில் முகவரியைச் சேர்த்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டைல் டேகே போய்ச் சேராது.

அதனால் மீடியா குவெரி இல்லாமலேயே போனில் படிக்க முடிகிற மாதிரி கட்டுங்கள். இதற்கு எளிய வழி ஒற்றைப் பத்தி, அதாவது எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் ஒரே நெடுவரிசை. தமிழுக்கு ஒற்றைப் பத்திதான் பொருத்தம் என்பது என் எண்ணம். “விண்ணப்பித்துக்கொள்ளலாம்” என்ற ஒரு சொல்லை 140 பிக்சல் பத்திக்குள் திணித்துப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

தமிழ் எழுத்து குப்பை குப்பையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

எந்த மாதிரிக் குப்பை என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நான்கு வகை உண்டு.

தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. திரும்பத் திரும்ப இதே வரிசை. இது குறியேற்றத் தகராறு, அதாவது எழுத்தைப் பைட்டுகளாக மாற்றி வைக்கும் முறையில் வந்த குழப்பம். யூடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (எழுத்தும் அதோடு சேரும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி) மூன்று பைட். அவற்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றேதான். அதைப் பழைய மேற்கத்தியக் குறியேற்றமாக நினைத்துப் படித்தால் அந்தச் சாய்கோடு போட்ட ஏ கிடைக்கும். இரண்டாவது பைட்டுக்கு வட்டத்து ஆர், அல்லது மேலே ஒரு கிடைக்கோடு. ஆக, எழுத்து எதுவும் தொலையவில்லை. படிக்கிற செயலியிடம் இது யூடிஎஃப்-8 என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மெயிலோடு மறைவாகப் போகும் தலைப்பு வரிகளில் ஒன்றான கன்டென்ட்-டைப்பில் குறியேற்றத்தை எழுதுங்கள். எச்டிஎம்எல்லுக்குள் மெட்டா டேகில் எழுதுவதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. எச்டிஎம்எல் பகுதிக்கு எழுதிவிட்டு வெறும் எழுத்துப் பகுதிக்கு விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் தெரிந்தால் எழுத்து உண்மையிலேயே போய்விட்டது. அனுப்புவதற்கு முன்பே, டேட்டாபேஸிலோ இடையில் ஓடும் நிரலிலோ அழிந்திருக்கும். மெயில் டெம்ப்ளேட்டை எவ்வளவு நோண்டினாலும் திரும்பி வராது. மூலத்துக்குப் போய்த் தேடுங்கள்.

காலிக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்து சரியாகப் போயிருக்கிறது, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. இப்போது இது அரிது. பழைய விண்டோஸ் கணினிகளில் பார்க்கலாம்.

கடைசி வகை நம் ஊர் விசேஷம். ஆங்கில எழுத்துகளாகவே, அர்த்தமில்லாமல் வரும். “தமிழ்” என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நின்றால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. டிடிபி செய்கிறவர் பேஜ்மேக்கர் காலத்துப் பழக்கத்தில் அடித்துக் கொடுத்ததை யாரோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் உங்களுக்குத் தமிழாகத் தெரியும். மற்றவருக்கு ஜே கே பி ஓதான். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

உள்ளே எல்லாம் சரி. சப்ஜெக்ட் வரியில் மட்டும் நடுநடுவே கருப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி வருகிறதே?

மெயிலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்தை மட்டும் சுமக்கும் காலத்தில் வகுக்கப்பட்டவை. தமிழை அனுப்ப வேண்டுமென்றால் அதைக் குறியேற்றித் துண்டு துண்டாக வைக்க வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. முன்னும் பின்னும் வரும் குறிகள் 12 போனால், பைட்டுகளை ஆங்கில எழுத்தாக்கும் பேஸ்64 முறையில் மிஞ்சுவது 45 பைட். தமிழ்க் கணக்கில் 15 குறி. “பொங்கல்” என்ற சொல்லுக்கே ஏழு குறி ஆகிவிடும். அதாவது தமிழ் சப்ஜெக்ட் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டாகத்தான் போகும்.

ஓர் எழுத்தை நடுவில் வெட்டி இரண்டு துண்டிலும் வைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. எழுத்தைப் பார்க்காமல் பைட்டை எண்ணி வெட்டுகிற நிரல்தான் இங்கே குற்றவாளி. மூன்று பைட்டில் இரண்டு இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் விழுந்துவிட்டால் எழுத்து உடைந்தது உடைந்ததுதான். சப்ஜெக்டைச் சுருக்கித் தப்பிக்க நினைக்காதீர்கள். நீங்களே கையால் குறியேற்றியிருந்தால் அதை விட்டுவிட்டு, உங்கள் மொழியின் தரமான மெயில் நூலகத்திடம் வேலையைக் கொடுங்கள்.

சப்ஜெக்டைச் சுருக்க வேறு காரணம் உண்டு: போனில் தமிழ் சப்ஜெக்ட் நான்கைந்து சொல்லுக்கு மேல் தெரிவது கஷ்டம். தேதியையும் பெயரையும் முன்னால் வையுங்கள். “எங்கள் நிறுவனத்தின் சார்பாக மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது” என்று ஆரம்பித்தால் என்ன தெரிவித்தீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

எந்த எழுத்துருவைப் போடலாம்?

கருவியில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ இருக்கிறது. அதற்கு முன் லதா. விண்டோஸ் 10இல் லதாவையும் விஜயாவையும் கூடுதல் எழுத்துருப் பொதிக்குள் தள்ளிவிட்டார்கள், எனவே லதாவை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். இவற்றை வரிசையாக எழுதி, கடைசியில் சான்ஸ்-செரிஃப் என்று முடித்தால் போதும்.

வெப் எழுத்துருவை ஆப்பிள் மெயில் ஏற்றுக்கொள்ளும். ஜிமெயில் ஏற்காது. கிளாசிக் அவுட்லுக்கோ ஏற்காததோடு நிற்காமல், நீங்கள் அடுத்தடுத்து எழுதிய மாற்று எழுத்துருக்களையும் பார்க்காமல் நேராக டைம்ஸ் நியூ ரோமனுக்குத் தாவிவிடும். டைம்ஸில் தமிழ் கிடையாது. அதனால் தமிழ் ஓர் எழுத்துருவிலும், விலையும் தேதியும் ஆங்கிலப் பெயர்களும் இன்னொன்றிலுமாக மெயில் ஒட்டுப்போட்டதுபோல ஆகிவிடும். வெப் எழுத்துரு வேண்டியே தீரும் என்றால் அதை அவுட்லுக்கின் கண்ணில் படாமல் மீடியா குவெரிக்குள் மறைத்து வையுங்கள். என்னைக் கேட்டால், மெயிலுக்கு அவ்வளவு பிரயாசை தேவையில்லை.

சாய்வெழுத்தைத் தவிர்க்கலாம். தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வு வடிவம் பெரும்பாலும் இல்லை. இருப்பதைச் சும்மா தள்ளிச் சாய்த்துக் காட்டும்.

எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றனவே?

வரி உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டுகளில் அவுட்லுக்குக்காக ‘வரி உயரம் சரியாக இவ்வளவு’ என்று ஒரு கட்டளை இருக்கும். ஆங்கிலத்துக்கு அது உதவி. தமிழில் கி, கீ மேலே சுழித்துப் போகின்றன. கு, கூ, ழு கீழே இறங்குகின்றன. கட்டளை கறாராக இருந்தால் அவுட்லுக் அவற்றை மழுங்க நறுக்கிவிடும். அந்தக் கட்டளையை எடுங்கள், அல்லது உயரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

உடல் எழுத்து 16 பிக்சல், வரி உயரம் 26. இது எனக்குப் பிடித்த அளவு. 14க்குக் கீழே போனால் ஐம்பதைத் தாண்டியவர்கள் போனைத் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போஸ்டரை அப்படியே ஒரே படமாக அனுப்பினால் என்ன? எழுத்துருத் தொல்லையே இல்லையே!

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஆடித் தள்ளுபடி, பள்ளி ஆண்டுவிழா, சங்கக் கூட்டம் எல்லாமே ஒரே ஜேபெக் ஆக வந்து விழுகின்றன. வாட்ஸ்அப்புக்குச் செய்த போஸ்டர் கையில் இருக்கிறது, அதையே மெயிலிலும் போட்டுவிடலாம் என்கிற யோசனை. வேண்டாம்.

கிளாசிக் அவுட்லுக் வெளியிலிருந்து வரும் படங்களை, படிக்கிறவர் அனுமதி கொடுக்கும்வரை காட்டாது. அவருக்கு உங்கள் மெயில் ஒரு காலிக் கட்டம். ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தானாகக் காட்டுகிறது என்றாலும், நெட் மந்தமான இடத்தில் படம் வரும் முன்பே விரல் அடுத்த மெயிலுக்குப் போய்விடும். ஏ4 அளவு போஸ்டரைப் போன் அகலத்துக்குச் சுருக்கினால் அடியில் இருக்கிற முகவரியும் தேதியும் எறும்பு அளவுக்கு ஆகும். அந்தப் படத்திலிருந்து போன் நம்பரைத் தொட்டு அழைக்க முடியாது, முகவரியைக் காப்பி செய்ய முடியாது. ஆறு மாதம் கழித்து மெயில் பெட்டியில் “ஆண்டுவிழா” என்று தேடினால் அகப்படும் என்ற உத்தரவாதமும் இல்லை. திரைவாசிப்பானுக்கு அங்கே படிக்க ஒன்றுமே இல்லை. ஸ்பேம் வடிகட்டிகளும் எழுத்தே இல்லாத, ஒற்றைப் படம் மட்டும் உள்ள மெயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

போஸ்டரை விட மனசில்லை என்றால் ஒரு சமரசம் செய்யலாம். தலைப்புப் பகுதியை, அதாவது படமும் விழாப் பெயரும் உள்ள மேல் கால்வாசியை மட்டும் படமாக வையுங்கள். எப்போது, எங்கே, எவ்வளவு, யாரைக் கேட்பது என்ற நான்கையும் எழுத்தாக அடியுங்கள். படத்துக்கு ஆல்ட் வாசகம் தமிழிலேயே கொடுங்கள்: “ஆண்டுவிழா, சனிக்கிழமை மாலை 5 மணி, பள்ளி மைதானம்”. படம் வராவிட்டாலும் அந்த வரி தெரியும். “பேனர் 1” என்று ஆல்ட் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான்.

படங்களில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தைப் பண்பாக எழுதுங்கள். கிளாசிக் அவுட்லுக் சிஎஸ்எஸ் அகலத்தை நம்பாமல் படத்தின் உண்மையான அளவிலேயே காட்டி, 2000 பிக்சல் படத்தை வைத்து டேபிளையே கிழித்துவிடும்.

படத்துக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு வருகிறதா? படத்தை எழுத்து வரிக்குள் உட்கார்ந்த பொருளாக நினைத்து, எழுத்தின் கால்களுக்கு இடம் விடுகிறது. டிஸ்ப்ளே பிளாக் என்று கொடுத்தால் போய்விடும்.

ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்விஜியை ஜிமெயில் காட்டாது. வெப்பி கிளாசிக் அவுட்லுக்கில் வராது. அசையும் ஜிஃப்பைப் பழைய அவுட்லுக் பதிப்புகள் முதல் சட்டத்தோடு நிறுத்திவிடும், ஆகவே சொல்ல வேண்டியதை முதல் சட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். படத்தை பேஸ்64 ஆக எச்டிஎம்எல்லுக்குள்ளேயே பொதித்து வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஜிமெயிலில் அது தெரியாது.

பட்டன்?

டிடி கட்டத்துக்குப் பின்னணி நிறம், அதற்குள் பேடிங்கோடு ஒரு லிங்க். அவுட்லுக்கில் முனை சதுரமாக வரும், வரட்டும். உயரம் 44 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆப்பிள் தன் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சத் தொடு அளவு அதுதான். பட்டன் வாசகத்தைச் சுருக்குங்கள்: “கட்டணம் செலுத்த”, “பதிவு செய்ய”. “இங்கே கிளிக் செய்யவும்” என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பட்டனைப் படமாக ஒருபோதும் வைக்க வேண்டாம்.

டார்க் மோடில் லோகோ காணாமல் போகிறது.

பின்னணி இல்லாத பிஎன்ஜியில் கருப்பு எழுத்து லோகோவாக இருக்கும். செயலி பின்னணியைக் கருப்பாக்கியதும் கருப்பில் கருப்பு. எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுத்துவிடுங்கள். வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, இருட்டில் லோகோவைக் காப்பாற்றும்.

நிறங்களைப் பொறுத்தவரை செயலிகள் மூன்று விதம். சில தொடாது. சில வெளிர் பின்னணியை மட்டும் இருட்டாக்கும். ஐபோன் ஜிமெயிலும் கிளாசிக் அவுட்லுக்கும் எல்லாவற்றையும் தலைகீழாக்கும். நீங்கள் அக்கறையாக ஏற்கெனவே இருட்டாகச் செய்த மெயிலை வெளிச்சமாக்கிக் காட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஆப்பிள் மெயில் போன்ற சில செயலிகள்தான் நீங்கள் டார்க் மோடுக்கென்று எழுதிய மீடியா குவெரியை ஒழுங்காக மதிக்கும். எல்லாவற்றையும் கட்டுப்படுத்த முடியாது. சுத்தக் கருப்பு, சுத்த வெள்ளையைத் தவிர்த்து, இரண்டு பக்கமும் படிக்க முடிகிற நிறங்களைத் தேர்ந்தெடுங்கள்.

மெயில் பாதியில் நின்று, ‘முழுச் செய்தியையும் பார்க்க’ என்று ஜிமெயில் சொல்கிறது.

எச்டிஎம்எல் 102 கேபியைத் தாண்டிவிட்டது. படங்கள் இந்தக் கணக்கில் வராது, கோடும் எழுத்தும் மட்டும்தான். வெட்டுப்படும் அடிப்பகுதியில்தான் பெரும்பாலும் ‘இனி வேண்டாம்’ என்று விலகும் லிங்க் இருக்கும். அது கிடைக்காதவர் கோபத்தில் ஸ்பேம் பட்டனை அமுக்குவார்.

தமிழ் மெயில் இந்த எல்லையைச் சீக்கிரம் தொடும். “தமிழ்” என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து பைட். இது பரவாயில்லை, தாங்கும். ஆனால் சில எடிட்டர்கள் உங்களிடம் சொல்லாமல் தமிழை எண் குறிகளாக மாற்றிவிடும். ‘த’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆம்பர்சாண்ட், ஹாஷ், 2980, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். மூன்று பைட் ஏழாகிவிட்டது. மெயிலின் எழுத்துப் பகுதி இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும், திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. வியூ சோர்ஸ் போட்டுப் பாருங்கள். எண்களாகக் கொட்டிக் கிடந்தால் எடிட்டர் அமைப்பில் அதை நிறுத்துங்கள்.

இன்னொரு ஊதல், வேர்டிலிருந்து நேராக ஒட்டுவது. ஒவ்வொரு பத்தியோடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூட்டை ஸ்டைல் ஒட்டிக்கொண்டு வரும். நோட்பேடில் ஒருமுறை ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள்.

வெறும் எழுத்துப் பகுதியும் சேர்த்து அனுப்ப வேண்டுமா?

வேண்டும். ஒரே மெயிலுக்குள் வெறும் எழுத்தும் எச்டிஎம்எல்லும் பக்கத்தில் பக்கத்தில் போக வழிசெய்தது மைம் என்ற விதிமுறை. நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் எழுதி 1992இல் வெளிவந்தது. அதன்படி எளிய வடிவம் முதலிலும் சிறந்த வடிவம் கடைசியிலும் வர வேண்டும். படிக்கிற செயலி தனக்குப் புரிகிற கடைசி வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வரிசையை மாற்றி வைத்தால், உங்கள் அழகான எச்டிஎம்எல் இருந்தும் வெறும் எழுத்துதான் தெரியும். “ஏன் டிசைனே வரவில்லை” என்ற புகாருக்குச் சில நேரம் இதுதான் விடை.

டிசைன் சரி, மெயிலே ஸ்பேமில் விழுகிறது.

அது டிசைன் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் மெயில் உண்மையில் அவர்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. யாஹூவும் இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது. குறைவாக அனுப்புகிறவர்களும் முதல் மூன்றைச் செய்துவைப்பது நல்லது. டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கத்தில் அரை மணி நேர வேலை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பலாமா?

2021 செப்டம்பருக்குப் பிறகு பெரிதாக நம்ப முடியாது. ஐஓஎஸ் 15இலிருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறக்கப்பட்டுவிடும். எண்ணுவதற்கு வைத்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத படமும் சேர்ந்து இறங்கும். கிளிக்கை எண்ணுங்கள்.

காசு செலவழிக்காமல் எப்படிச் சோதிப்பது?

லிட்மஸ் போன்ற கட்டணச் சேவைகள் ஒரே நேரத்தில் பல செயலிகளில் எப்படித் தெரியும் என்று படமெடுத்துக் காட்டும். மாதம் ஒரு மெயில் அனுப்புகிறவருக்கு அது அதிகம். ஆண்ட்ராய்டு ஜிமெயில், வெப் ஜிமெயில், ஒரு ஐபோன், ஒரு கிளாசிக் அவுட்லுக் ஆகிய நான்கிலும் பார்த்துவிட்டால் பெரும்பாலான அதிர்ச்சிகள் முன்பே தெரிந்துவிடும். அவுட்லுக் கையில் இல்லையென்றால், அலுவலகத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். எந்த சிஎஸ்எஸ் எங்கே வேலை செய்யும் என்று சந்தேகம் வந்தால் ‘கேன் ஐ ஈமெயில்’ தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

சோதனை மெயிலை உண்மையில் அனுப்பப்போகும் சேவையிலிருந்தே அனுப்புங்கள். உங்களுக்கு வந்ததை ஃபார்வர்ட் செய்து மற்றவரிடம் “எப்படியிருக்கிறது” என்று கேட்பது சோதனை ஆகாது. ஃபார்வர்ட் செய்யும் செயலி எச்டிஎம்எல்லைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதும். படங்களை அணைத்து ஒருமுறை, டார்க் மோடில் ஒருமுறை, போன் எழுத்தளவைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவையும் கையால் எழுத வேண்டுமா?

தேவையில்லை. எம்ஜேஎம்எல் என்று மெயில்ஜெட் நிறுவனம் வெளியிட்ட திறந்தமூலக் கருவி இருக்கிறது. ‘பகுதி, பத்தி, பட்டன்’ என்று சுருக்கமாக எழுதினால், அவுட்லுக் குறிப்புகள் உட்பட டேபிள் மொத்தத்தையும் அதுவே கட்டித் தரும். தரும் கோடு கொஞ்சம் பருமன். 102 கேபியில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால் திருத்த முடியுமா?

எழுத்தைத் திருத்த முடியாது. உங்கள் சர்வரில் இருக்கும் படத்தை அதே பெயரில் மாற்றி வைக்கலாம். இன்னும் திறக்காதவர்களுக்குப் புதியது போகும். ஜிமெயில் தன் இடைச் சேமிப்பில் பழைய படத்தை வைத்திருந்தால் அதையே காட்டும். லிங்க் தப்பு என்றால் நிலைமை நல்லது: கிளிக்கை எண்ணும் சேவை வழியாகப் போயிருந்தால், அது கொண்டுசேர்க்கும் முகவரியைச் சில சேவைகளில் பின்னாலும் மாற்றலாம். இல்லையென்றால் அந்தத் தப்பு முகவரியிலேயே ஒரு திசைதிருப்பல் வையுங்கள். விலையோ தேதியோ தப்பாகப் போயிருந்தால் இரண்டு வரியில் திருத்த மெயில் அனுப்புங்கள். சப்ஜெக்டில் “திருத்தம்” என்று போட்டு, சரியான தேதியையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அதற்கு டிசைன் எதுவும் வேண்டாம்.